மூன்று டாலர் லீக்

அன்புள்ள மக்கா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. லென்ஸும் கையுமாக அஞ்சல் தலை பார்ப்பதை ஒரு மாதம் தள்ளிப்போடு. இங்கே எல்லோரும் சுகம். ரிட்டயர் ஆனபிறகு எனக்கும் உன்னை மாதிரி ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம்மூர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. அதில் என்எஃப்எல் என்கிற பெரிய லீக் வைத்ததுதான் சட்டம். அதற்குப் போட்டியாக 1983இல் யுஎஸ்எஃப்எல் என்று ஒரு லீக் கிளம்பியது. என்எஃப்எல் இலையுதிர் காலத்தில் ஆடும், இவர்கள் வசந்த காலத்தில் ஆடினார்கள். மூன்றே சீசன்தான். அதற்குள் ‘நாமும் இலையுதிர் காலத்துக்கே போய் நேருக்கு நேர் மோதலாம்’ என்று ஆசை வந்துவிட்டது. அதில் முன்னால் நின்றவர் நியூஜெர்சி ஜெனரல்ஸ் டீமின் முதலாளி டொனால்ட் டிரம்ப். ஆமாம், அவரேதான்.

என்எஃப்எல் ஏகபோகம் செய்கிறது என்று வழக்கும் போட்டார்கள். 1986இல் ஜூரி, ‘ஆமாம், ஏகபோகம்தான்’ என்று சொல்லிவிட்டு நஷ்டஈடு ஒரு டாலர் கொடுத்தது! சட்டப்படி மும்மடங்கு, ஆக மூன்று டாலர். லீக் அதோடு படுத்துவிட்டது. வட்டியோடு 3.76 டாலருக்கு செக் வந்தது. லீக்கின் நிர்வாகியாக இருந்தவர் அதை மாற்றாமலே வைத்துக்கொண்டார். இந்த லீக்கின் நினைவாக ஒரே ஒரு பொருள் எடுத்துக்கொள் என்றால் நான் அந்த செக்கைத்தான் கேட்பேன்.

அது கிடைக்காது, அதனால் அந்த லீக் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டு சேர்க்கிறேன். டாப்ஸ் கம்பெனி 1984இல் போட்டது, மொத்தம் 132 கார்டு. பாக்கெட் பாக்கெட்டாக விற்காமல் ஒரே பெட்டியாகத்தான் விற்றார்கள். வாங்குகிறவன் என்ன செய்கிறான் தெரியுமா? 36ஆம் நம்பர் கார்டு ஜிம் கெல்லி, 52 ஸ்டீவ் யங், 58 ரெஜி வைட், 74 ஹெர்ஷல் வாக்கர், இந்த நாலையும் உருவிக்கொள்கிறான். பிளாஸ்டிக் உறையில் அடைத்து, தரம் பார்க்கிற கம்பெனியிடம் பத்துக்கு இத்தனை என்று மார்க் வாங்கி, நல்ல விலைக்கு விற்கிறான். மிச்சத்தைச் சீந்த ஆளில்லை. கெல்லி, யங், வைட் மூவரும் பிறகு என்எஃப்எல்லில் போய்க் கொடிகட்டிப் பறந்தவர்கள். செத்த லீக்கின் கார்டுக்கு விலை வைப்பது ஜெயித்த லீக்தான். எனக்கு இது பிடிக்கவில்லை.

அதனால் நான் அந்த மிச்சத்தை வாங்குகிறேன். பழைய சாமான் சந்தையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாகக் கிடைக்கும். ரப்பர் இறுகி, மேல் கார்டுக்கும் கீழ் கார்டுக்கும் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். நடுவில் இருப்பவை புதுசு போல இருக்கும், பெரிய மீசையும் வெயிலில் சுருக்கிய கண்ணுமாக, பேர் தெரியாத ஆட்டக்காரர்கள். பலருக்கு அதற்கப்புறம் வேறு கார்டே வந்திருக்காது. உன் திருவிதாங்கூர் சங்கு முத்திரைத் தலைகளைப் போலத்தான், ஒட்டுவதற்கு அந்த சமஸ்தானத்து அஞ்சல் ஆபீஸே இப்போது இல்லையே.

இதற்கும் முன்னால் 1974இல் டபிள்யூஎஃப்எல் என்று ஒன்று வந்து, அடுத்த வருஷம் சீசன் பாதியிலேயே கடையைக் கட்டியது. முதல் வருஷம் பர்மிங்ஹாம் டீம் 22-21 என்று ஒரே புள்ளியில் கோப்பை ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் ஷெரிஃப் ஆட்கள் வந்து, பாக்கிக்காக ஜெர்ஸிகளையெல்லாம் ஜப்தி செய்துகொண்டு போய்விட்டார்கள். அந்த லீக்கின் பொன்னிறப் பந்து ஒன்றை ஏலத்தில் பார்த்தேன். விலையைக் கேட்டதும் உன் தங்கச்சி முறைத்தாள், விட்டுவிட்டேன்.

தையில் ஊருக்கு வருகிறேன். உன்னிடம் இரட்டையாக இருக்கிற தலைகளைத் தனியே எடுத்து வை. எனக்கு ஒரு கார்டு இரண்டு மூன்றாக வந்து கிடக்கிறது, மாற்றிக்கொள்ளலாம்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்