இரண்டு கடவுச்சீட்டும் ஒரு மேசையும்

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் அறங்காவலர் சபைகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு

அன்புடையீர்,

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருவர் என் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு கடவுச்சீட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று பிரித்தானியாவுடையது, மற்றது இலங்கையுடையது. கூடவே பிளாஸ்டிக் உறைக்குள் இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ். பதினெட்டு வருடம் இங்கே கணக்குப் பிரிவில் வேலை செய்தவர். துபாயில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு போனார். ஐந்து வருடம் கழித்து வேலை போய்விட, திரும்பி வந்தார். வந்த இரண்டாம் வாரமே அரச உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தார். இல்லை என்று கடிதம் வந்தது.

“நான் இந்த நாட்டுப் பிரஜை. எப்படி மறுப்பார்கள், அண்ணை?” என்று கேட்டார்.

கடிதம் அனுப்பிய அலுவலகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர், பிரஜையானாலும், இங்கேதான் வசிக்கிறேன் என்று காட்ட வேண்டும். விதி அப்படி. என் கோபமெல்லாம் உங்கள் மேல்தான். அவர் துபாய் போவதற்கு முன் உங்கள் மண்டபங்களில் எத்தனை பிரியாவிடை விருந்து நடந்தது! எத்தனை பொன்னாடை! இந்த விதியை அவர் காதில் போட ஒருவர்கூட இல்லை.

ஆறேழு வருடமாக அக்கம்பக்கத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். இரண்டு கடவுச்சீட்டு இருந்தால் இரண்டு நாடும் தாங்கும் என்று நம் சனம் நம்புகிறது. கடவுச்சீட்டு விமான நிலையக் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உதவிப்பணத்துக்கு நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். ஓய்வூதியத்துக்கு எத்தனை வருடம் நெஷனல் இன்சூரன்ஸ், அதாவது தேசியக் காப்புறுதிப் பணம், கட்டினீர்கள் என்று பார்ப்பார்கள். இந்த இரண்டு கேள்வியிலும் பிரஜாவுரிமை என்ற சொல்லே கிடையாது.

முதல் கேள்விக்குப் பெயர் ஹபிச்சுவல் ரெசிடன்ஸ் டெஸ்ட், வழமையான வதிவிடச் சோதனை. 1994 ஆகஸ்டில் வந்தது. பிரித்தானியப் பிரஜைக்கும் இதில் விலக்கு இல்லை. அதே 1994இல் நெஸ்ஸா என்ற வங்காளதேசப் பெண் இங்கே வந்தார். இந்த நாட்டில் குடியிருக்கும் உரிமை அவருக்கு இருந்தது. உதவிப்பணம் மறுக்கப்பட்டது, வழக்கு அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. வந்து இறங்கினால் மட்டும் போதாது, கொஞ்ச காலம் உண்மையிலேயே வசித்திருக்க வேண்டும் என்று 1999இல் தீர்ப்பானது. ஆனால் முன்பு இங்கே வாழ்ந்தவர் பழைய வாழ்க்கையைத் தொடரத் திரும்பி வந்தால், சில வேளைகளில் காத்திருப்பே தேவைப்படாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வரியைத்தான்.

அதே ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு முடிந்தது. சுவாட்லிங் என்ற ஆங்கிலேயர் பிரான்சில் பல வருடம் வேலை செய்துவிட்டு 1995இல் திரும்பி வந்தவர். வசித்த காலம் குறைவு என்ற ஒரே காரணத்தால் அவரை மறுக்க முடியாது என்றது அந்த நீதிமன்றம். ஐரோப்பாவுக்குள் வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் குடை இருந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2020 முடிவோடு, புதிதாகப் போய் வருபவர்களுக்கு அதுவும் மடங்கிவிட்டது. துபாய்க்காரருக்கு அது எந்தக் காலத்திலும் விரிந்ததில்லை.

ஆகவே அவரிடம் கடவுச்சீட்டுகளை உள்ளே வைக்கச் சொன்னேன். கொண்டுவரச் சொன்னது வேறு: ஒருவழி டிக்கெட், துபாய் வீட்டு ஒப்பந்தத்தை முடித்த கடிதம், சாமான் கப்பலில் ஏற்றிய பற்றுச்சீட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்த கடிதம், ஜி.பி. என்ற குடும்ப வைத்தியரிடம் பதிந்த தாள், வேலை தேடி அனுப்பிய மின்னஞ்சல்கள். மறுப்புக் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், அதற்குப் பிறகு தீர்ப்பாயம் இருக்கிறது. அது நடந்துகொண்டிருக்கும்போதே புதிய விண்ணப்பமும் போடலாம். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரியும்.

போகும் காலத்துக்கும் கணக்கு உண்டு. வேலை இல்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவிப்பணத்தை வாங்குபவர் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருக்க முடியாது. பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிஃபிட்டுக்கு எட்டு வாரம். வருமானம் குறைவு என்று பென்சன் கிரெடிட் வாங்கும் முதியவர்களுக்குப் பொதுவாக நான்கு வாரம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். கொடியேற்றத்துக்குப் போய்த் தீர்த்தம் வரை நின்றால் மிச்சம் மூன்றே நாள். நல்லூரான் கணக்குத் தெரிந்தவன்தான், ஆனால் பல அம்மாக்கள் மூன்று மாத டிக்கெட் போட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் போய், திரும்பி வந்து ‘கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டு’ என்ற கடிதத்தோடு என்னிடம் வருகிறார்கள்.

இனி ஓய்வூதியம். இதில்தான் நீங்கள் செய்திருக்க வேண்டியது மிக அதிகம்.

2016 ஏப்ரலில் வந்த புதிய முறையில், ஓய்வூதியம் கிடைக்கவே குறைந்தது பத்து வருடப் பதிவு வேண்டும். முழுத் தொகைக்குப் பொதுவாக முப்பத்தைந்து வருடம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கு இந்தப் பதிவில் ஓட்டை விழும். அதை அடைக்க ஒரு மலிவான வழி இருந்தது. இங்கே வேலை செய்துவிட்டு அப்படியே வெளிநாட்டு வேலைக்குப் போனவர், கிளாஸ் 2 என்ற வகையில், 2025-26இல் வாரம் 3.50 பவுண் கட்ட முடிந்தது. வருடத்துக்கு 182 பவுண். அந்த ஒரு வருடப் பதிவு ஓய்வூதியத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 342 பவுண் சேர்க்கும், அதுவும் சாகும்வரை. எந்தச் சீட்டுக்காரர் இப்படித் தருவார்? சுயமாகக் கட்டும் மற்ற வகையான கிளாஸ் 3 என்றால் அதே வருடத்துக்கு 923 பவுண்.

2006 முதல் விழுந்த ஓட்டைகளை எல்லாம் அடைக்க அரசு ஒரு விசேட அவகாசம் கொடுத்திருந்தது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி அது முடிந்தது. இப்போது வழக்கமான ஆறு வருடத்துக்குத்தான் பின்னோக்கிக் கட்டலாம். அந்தத் திகதிக்கு முந்திய மாதங்களில் நான் போன ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒலிவாங்கி இருந்தது. பிரமுகர் வரவேற்பு இருந்தது, கார் வழியை மறிக்கிறது, எடுங்கள் என்ற அறிவிப்பும் இருந்தது. இதைப் பற்றி ஒரு சொல் நான் கேட்கவில்லை. பிறகு 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் வந்தது. 2026 ஏப்ரல் முதல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கிளாஸ் 2 வழி மூடப்படும் என்றும், சுயமாகக் கட்டவே முன்பு மூன்று வருடமாக இருந்த தகுதி பத்து வருடமாகும் என்றும் அறிவித்தார்கள். அந்தக் கதவும் சாத்தப்பட்டது. நீங்கள் அப்போது மார்கழி இசை விழாவுக்கு மலர் அச்சடித்துக்கொண்டிருந்தீர்கள். நானும் அதில் ஒரு கட்டுரை எழுதினேன் என்பதால் இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஊருக்குப் போய் இருக்க ஆசைப்படுபவர்களுக்கு இன்னொரு அடி காத்திருக்கிறது. இலங்கையில் வசிப்பவருக்குப் பிரித்தானிய ஓய்வூதியம் வரும், ஆனால் ஏறாது. முதல் நாள் எவ்வளவோ கடைசி நாளும் அவ்வளவே. 2016இல் முழு ஓய்வூதியத்தோடு நல்லூருக்குப் போனவருக்கு வாரம் 155.65 பவுண். இங்கேயே இருந்த அவருடைய தம்பிக்கு 2025-26இல் 230.25. வருடத்துக்கு வித்தியாசம் 3,879 பவுண். 2022இல் ரூபாய் விழுந்தபோது நல்லூர்க்காரர் தனக்கும் ஏறிவிட்டது என்று மகிழ்ந்தார். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் ஏறக்குறைய 70 வீதத்தை எட்டியபோது அந்த மகிழ்ச்சி அரிசிக் கடையிலேயே முடிந்தது.

ஏன் இப்படி? ஓய்வூதியத்தை ஏற்றித் தருவதாகப் பிரித்தானியா எந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டதோ அங்கே ஏறும். பாரிஸ் லா ஷப்பலில் இருக்கும் தமிழருக்கு ஏறும். அமெரிக்காவில் ஏறும், பிலிப்பைன்ஸில் ஏறும். நம் இந்து சமுத்திரத்திலேயே மொரிசியஸில் ஏறும், இலங்கையில் ஏறாது. இந்தியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஏறாது. யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளை எனக்குத் தெரியும். ஒன்றில் ரொறன்ரோவில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். கனடா அவருக்கு ஓய்வூதியத்தை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தியே அனுப்புகிறது. மற்றதில் லண்டன்காரர். வேலிக்கு மேலால் இருவரும் பென்சன் கதை பேசுவதில்லை.

இதை எதிர்த்து கார்சன் என்ற பெண்மணி தென்னாபிரிக்காவில் இருந்துகொண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போராடினார். 2010இல் 11க்கு 6 என்று தோற்றார். ஆன் பக்ரிட்ஜ் என்பவர் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். 2001இல் கனடா போனபோது வாரம் 72.50 பவுணில் அவருடைய ஓய்வூதியம் உறைந்தது. 2024 டிசம்பரில், நூறு வயதை ஒட்டி, லண்டன் வரை வந்து அமைச்சரைக் கண்டு பேசினார். இப்படி ஓய்வூதியம் உறைந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். இதற்காகப் போராடுபவர்களின் கூட்டங்களில் நம்மவர் முகத்தை நான் கண்டதில்லை. தேர்தல் நேரத்தில் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு மாலை போட்டுப் படம் எடுக்கிறீர்களே, அப்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் என்ன?

இலங்கைப் பக்கம் ஒன்றே ஒன்று. வேறு நாட்டுப் பிரஜையானவரின் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே போய்விடும். 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி விண்ணப்பித்து வாங்கினால்தான் அவர் இரட்டைப் பிரஜை. பிறப்புச் சான்றிதழை நம்பி ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே முறையாகச் சம்பளம் வாங்கினால் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்ட வேண்டும். அந்த வருடங்கள் லண்டன் கணக்கில் சேராது, இரு நாட்டுக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மூன்று கதிரை. மலரில் நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே ஒரு பக்கம். இந்த விதிகள் படித்த இளம் சட்டத்தரணிகள் உங்கள் அங்கத்தவர்களின் பிள்ளைகளிலேயே இருக்கிறார்கள். அரங்கேற்றத்துக்குக் கூப்பிட்டவர்களை இதற்கும் கூப்பிடுங்கள். அவர்கள் வரும்வரை நான் இருக்கிறேன்.

துபாய்க்காரருக்கு மறுபரிசீலனையில் இன்னும் பதில் வரவில்லை. வரும் ஞாயிறு அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கதிரை தூக்க.

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து, படிவம் நிரப்பும் ஒருவன்