வளைகுடாவும் விரிகுடாவும்: செய்தி மேசைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ், தொலைக்காட்சி, இணைய ஏடுகளின் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 'மன்னார் விரிகுடா', 'வங்காள வளைகுடா' என்ற இரண்டும் அச்சிலும் திரையின் அடிவரியிலும் தலைகாட்டுகின்றன. இரண்டும் பிழை. மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா என்பவையே சரி. எழுத்துச் சுத்தத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

மண்டபத்தில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, அங்குள்ள மீனவர்களுக்கு அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது ஒரு ஜன்னலில் ஒன்று, எதிர் ஜன்னலில் மற்றது. வடகடலில் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். தென்கடலோ தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரையும் தாண்டும். வாடைக் காலத்தில் கொந்தளிப்பது வடகடல், தென்மேற்குப் பருவக்காற்றில் பொங்குவது தென்கடல். ஒரே ஊரில் ஒரே நாளில் ஒரு பக்கம் படகு இறக்கலாம், மறுபக்கம் கூடாது. 'மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று' என்ற எச்சரிக்கையை, இடம் போதாமல் 'விரிகுடாவில் சூறைக்காற்று' என்று தலைப்பில் சுருக்கினால் நீங்கள் காட்டுவது வேறு கடலை.

பிழை எங்கிருந்து வருகிறது? இந்தியில் வங்காளத்துக்கும் மன்னாருக்கும் பாரசீகத்துக்கும் 'காடி' என்ற ஒரே சொல்தான். அங்கிருந்து பெயர்க்கும்போது கைக்கு வந்த தமிழ்ச்சொல் விழுகிறது. ஆங்கிலத்தில் 'பே', 'கல்ஃப்' என்று இரண்டு உண்டு. முன்னது விரிகுடா, பின்னது வளைகுடா. மூலத்தில் எது இருக்கிறது என்று பார்த்தாலே பெயர்களில் பாதிப் பிழை ஒழியும்.

மீதிப் பாதிக்குப் பள்ளிக்கூட விதிதான் காரணம் என்போம். 'வாய் அகன்றது விரிகுடா, நிலம் வளைத்து வாய் குறுகியது வளைகுடா' என்று மனப்பாடம் செய்திருப்போம். சொற்களின் பொருளும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இந்த விதி நம் வாசலிலேயே தோற்கிறது. பாக் விரிகுடாவின் தெற்கே ராமர் பாலத்து மணல்திட்டுகள், வடகிழக்கே பாக் நீரிணை. கிட்டத்தட்ட மூடிய கடல் அது. மன்னார் வளைகுடாவோ தெற்கே அகலத் திறந்து கிடக்கிறது. கனடாவின் ஹட்சனையும் நிலம் சூழ்ந்திருக்கிறது, பெயர் என்னவோ விரிகுடா. பெரியது வளைகுடா, சிறியது விரிகுடா என்று பரப்பளவால் பிரிப்பதும் கைகொடுக்காது. பாரசீக வளைகுடா சுமார் 2.5 லட்சம் சதுர கிலோமீட்டர், வங்காள விரிகுடா 20 லட்சத்துக்கும் மேல். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் இரண்டையும் பிரிப்பதில்லை. வாயின் குறுக்கே கோடிட்டு, அதை விட்டமாக வைத்து வரையும் அரைவட்டத்தைவிட உள்ளிருக்கும் நீர்ப்பரப்பு குறையக்கூடாது என்று கேட்கிறது. ஆகவே வரைபடத்தைப் பார்த்து வடிவத்திலிருந்து பெயரை ஊகிக்காதீர்கள். ஆளின் பெயரை எப்படிச் சரிபார்ப்பீர்களோ, அப்படியே இதையும் சரிபாருங்கள். மன்னார், கட்ச், காம்பே, பாரசீகம், ஓமன், ஏடன், தாய்லாந்து, மெக்சிகோ எல்லாம் வளைகுடா. வங்காளம், பாக், ஹட்சன், பிஸ்கே எல்லாம் விரிகுடா. திருகோணமலையின் கொட்டியாரம் போன்ற சிறிய உள்வாங்கல்களுக்குக் குடா என்பதே போதும்.

'வளைக்குடா', 'விரிக்குடா' என்று ஒற்று மிகுத்து எழுதுவதும் தவறு. இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய் போல, வல்லினம் மிகாது. கொட்டியாரக்குடாவில் மிகுவது முன்னால் நிற்பது பெயர்ச்சொல் என்பதால்.

பாக் நீரிணையையும் பாக் விரிகுடாவையும் ஒன்றாக்குவது இன்னொரு வழக்கம். கோடியக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட வாசல்தான் நீரிணை. அதற்குத் தெற்கே தொண்டி, ஜெகதாப்பட்டினம், கச்சத்தீவு எல்லாம் விரிகுடாவுக்குள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 2022இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகம் இந்த விரிகுடாவில் இருக்கிறது. 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா மன்னார் வளைகுடாவில். இந்திய-இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்களும் இரண்டு: 1974இல் கையெழுத்தானது பாக் பகுதிக்கு, மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976இல் வந்தது. கச்சத்தீவுச் செய்தியில் எந்த ஆண்டைப் போடுவது என்ற குழப்பமும் இந்தப் பெயர்களில்தான் தொடங்குகிறது.

தலைப்பில் வெறும் 'வளைகுடா' என்று விடுவதையும் தவிருங்கள். 'வளைகுடாவில் தமிழர்கள் தவிப்பு' என்றால் தூத்துக்குடி வாசகருக்கு மீனவர் நினைவு வரும், மகன் துபாயில் இருக்கும் வீட்டில் வயிறு கலங்கும். அரபு நாடுகளைக் குறித்தால் 'வளைகுடா நாடுகளில்' என்று மூன்று எழுத்துக் கூட்டிப் போடலாம்.

வானிலைப் பெட்டிக்கு மட்டும் ஒரு தனி வேண்டுகோள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தமிழிலேயே அறிக்கை தருகிறது. கடற்பகுதிப் பெயர்களை அதிலிருந்து அப்படியே எடுங்கள். ஆங்கில அறிக்கையிலிருந்து மறுபடி பெயர்க்க வேண்டாம். இடம் போதவில்லையென்றால் வேக எண்ணை வேண்டுமானால் உள்ளே தள்ளுங்கள், கடலின் முழுப்பெயரை முதல் வரியில் வையுங்கள்.

இப்படிக்கு,
கடலோரப் புவியியல் கற்பிப்போர் சிலர்