சிவப்பு கவருக்குள்ள இருந்த ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில 11 வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். எங்க வார்டுல ஹவுஸ்கீப்பிங் பாக்குற ஒரு அக்காவுக்கு நடந்தத அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், பேரு ஊரு எதுவும் வேணாம்.

ஒரு செவ்வாக்கெழம காலைல 9 மணி இருக்கும், மருத்துவக் கழிவு போடுற சிவப்பு கவர் நெறஞ்சி மேல வரைக்கும் வந்துருக்கு, முடிச்சு போட வரலன்னு கையால அமுக்கிருக்காங்க. எல்லாருமே அப்படித்தான் அமுக்குவாங்க. அந்த கவருக்குள்ள ட்ரிப்ஸ் ட்யூபும் ஊசிய கழட்டுன சிரிஞ்சும்தான் இருக்கணும், ஆனா யாரோ ஊசியோடயே போட்டுருக்காங்க, அது க்ளவுஸ தாண்டி நடுவெரல்ல ஏறிடுச்சு. அக்கா வெரல வாய்ல வெச்சு சப்பி துப்பிட்டு, ஒரு துணிய கிழிச்சு சுத்திக்கிட்டு அடுத்த ரூமுக்கு மாப் போட போயிட்டாங்க. யார்கிட்டயும் மூச்சு விடல.

வியாழக்கெழம மத்தியானம் டீ குடிக்கும்போது அந்த துணிய பாத்துட்டு என்னக்கா இதுன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர், ஊசி லேசா பட்டுருச்சு, சூப்பர்வைசர்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, பாத்து வேலை செய்யத் தெரியாதான்னு நிறுத்திருவாரு"ன்னாங்க. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. எச்ஐவி வராம இருக்க குடுக்குற மருந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா ரொம்ப நல்லது, இங்க 50 மணி நேரம் தாண்டிப் போச்சு, அந்த ஊசி எந்த பேஷன்ட்டோடதுன்னும் தெரியாது. ஆட்டோ புடிச்சு அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன், அன்னைக்கே ரத்தம் எடுத்து மாத்திரை குடுத்தாங்க, காசு கெடையாது. 28 நாள், ஒரு நாள் விடாம சாப்பிடணும், வாந்தி வர்ற மாதிரியே இருக்குன்னு சொல்லிக்கிட்டே டியூட்டிக்கும் வந்தாங்க. ஆறு மாசம் கழிச்சு எடுத்த டெஸ்ட் வரைக்கும் எல்லாம் நெகட்டிவ். ஆனா அந்த ஆறு மாசமும் பேத்திக்கு ஒரு வாய் சோறு ஊட்டல, சாப்பாட்டுல எல்லாம் பரவாதுக்கான்னு நான் எத்தன தடவ சொல்லியும் அவங்க மனசு கேக்கல.

எல்லாருக்கும் எச்ஐவி பயம்தான் பெருசா இருக்கு. எச்ஐவி உள்ளவங்களுக்கு போட்ட ஊசி குத்துனா ஆயிரத்துல மூணு பேருக்குதான் தொத்துது. கல்லீரல தாக்குற ஹெபடைட்டிஸ் பி அப்படி இல்ல, தடுப்பூசி போடாதவங்களுக்கு நூத்துல ஆறுல இருந்து முப்பது பேர் வரைக்கும் வரலாம், காஞ்ச ரத்தத்துல கூட அந்த கிருமி ஒரு வாரம் தாங்கும். அதுக்கு தடுப்பூசி இருக்கு, மூணு டோஸ், ஆறு மாசத்துல முடிஞ்சிரும். மருத்துவக் கழிவ கையாளுற எல்லாருக்கும் இத போடணும்னு 2016ல வந்த விதியிலயே இருக்கு, அது ஆஸ்பத்திரி நடத்துறவங்க பொறுப்பு. நாலு வருஷமா வேலை செஞ்ச அந்த அக்காவுக்கு ஒரு டோஸ் கூட போடல. கேட்டா கான்ட்ராக்ட் எடுத்தவங்க பாத்துக்கணும்னு சொல்றாங்க, அவங்ககிட்ட கேட்டா ஆஸ்பத்திரிய கை காட்றாங்க. ஹெபடைட்டிஸ் சின்னு இன்னொண்ணும் இருக்கு, அதுக்கு தடுப்பூசியே கெடையாது, மாத்திரைல குணமாகும், ஆனா டெஸ்ட் எடுத்தாதானே வந்துருக்கான்னே தெரியும்.

எங்க நர்ஸுங்களுக்கும் சொல்லணும். போட்ட ஊசிக்கு திரும்ப மூடி போடாதீங்கன்னு படிக்கும்போதே சொல்லித்தர்றாங்க, ஆனா நைட்ல 30 பெட்டுக்கு ரெண்டு பேர் நிக்கும்போது, போட்ட ஊசிய போடுற வெள்ளை டப்பா அந்த கோடில நர்ஸ் ஸ்டேஷன்ல இருந்தா, மூடி போட்டு ட்ரேல வெச்சிடுவோம், அப்பறம் அது எந்த கவருக்கு போவுதுன்னு யாருக்கும் தெரியாது, நானும் அப்படி செஞ்சிருக்கேன். அந்த ஊசி நான் வெச்சதா கூட இருக்கலாம், அத நெனச்சா இன்னும் தூக்கம் வரல. இப்ப எங்க வார்டுல ஊசி போடுற ட்ராலிலயே வெள்ளை டப்பாவ மாட்டி வெச்சிருக்கோம், முக்கால் நெறஞ்சதும் மாத்துறோம். இதுக்கு ஒண்ணும் பெரிய செலவு இல்ல.

வீட்ல இன்சுலின் போடுறவங்களும் ஊசிய அப்படியே குப்பைல போடாதீங்க. கெட்டியான பிளாஸ்டிக் டப்பால போட்டு இறுக்க மூடி, ஊசின்னு எழுதி, தூய்மைப் பணியாளர்கிட்ட தனியா சொல்லிக் குடுங்க, அவங்க அத கைலதான் பிரிக்கிறாங்க.

ஆஸ்பத்திரி நடத்துறவங்ககிட்ட நான் கேக்குறது, குத்துச்சுன்னு ஒருத்தங்க வந்து சொன்னா திட்டாதீங்க, வேலைய விட்டு நிறுத்தாதீங்க, அன்னைக்கு சம்பளத்த புடிக்காதீங்க. அந்த பயத்துலதான் அக்கா ரெண்டு நாள் மறைச்சாங்க.

ஊசி குத்துனா சப்பாதீங்க, அமுக்கி ரத்தம் எடுக்காதீங்க, ப்ளீச்சிங் எதுவும் ஊத்தாதீங்க, சோப்பு போட்டு ஓடுற தண்ணில நல்லா கழுவுங்க, கண்ணுல ரத்தம் தெறிச்சா வெறும் தண்ணியால கழுவுங்க. அப்பறம் உடனே டாக்டர பாருங்க. இத படிக்கிற உங்கள்ல யாருக்காவது நேத்தோ இன்னைக்கோ குத்திருந்தா இப்பவே அரசு ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க, பகல்ல அங்க எச்ஐவி டெஸ்ட் எடுக்குற நம்பிக்கை மையத்துக்கு போங்க, ராத்திரின்னா கேஷுவால்டி தெறந்துதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்