சோப்பு நுரைப் பனி

டாம்பா,
டிசம்பர் 11

அன்புள்ள அம்முவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் நேற்று போனிலேயே தெரிந்தது. குட்டிக்குச் சளி குறைந்துவிட்டது என்று நீ சொன்ன பிறகுதான் உன் அம்மா சாப்பிடவே உட்கார்ந்தாள்.

தினமும் பேசிக்கொண்டிருக்கும்போது எதற்குக் கடிதம், அதுவும் தமிழில் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னைப் பிடித்து உட்காரவைத்து எழுத்துக்கூட்ட வைத்தேனே, அதற்கு இன்றைக்குத்தான் உபயோகம் வந்திருக்கிறது. நீ மெதுவாகத்தான் படிப்பாய். எனக்கும் மெதுவாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆனால் முதலில் காரியத்தைப் பேசிவிடுகிறேன்.

அடுத்த டிசம்பரில் குட்டியோடு வருகிறோம், எல்லோருமாக டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பார்க்கில் நடக்கிற கிறிஸ்துமஸ் பார்ட்டிக்குப் போகலாம் என்றாய் அல்லவா. சரி, ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று போன வாரம் நானும் அம்மாவும் மட்டும் போய்வந்தோம். நீ இல்லாமல் அந்த வாசலுக்குள் நுழைந்தது இதுதான் முதல் தடவை. பெரியவர்கள் இரண்டு பேர், தள்ளுவண்டி கிடையாது, தோளில் ஒரு பை. டிக்கெட் பார்த்த பையன் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

லீவ் விஷயத்தை இப்போதே ஆபீஸில் சொல்லி வை. இது கிறிஸ்துமஸ் அன்று நடக்கிற பார்ட்டி இல்லை. நவம்பர், டிசம்பரில் குறிப்பிட்ட சில இரவுகள் மட்டும்தான். கிறிஸ்துமஸுக்கு மூன்று நான்கு நாள் முன்னாலேயே கடைசி இரவும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வந்தால் பார்ட்டியில் நடக்கிற ஊர்வலத்தையும் வாணவேடிக்கையையும் சாதாரண டிக்கெட்டிலேயே பார்க்கலாம், உண்மைதான். ஆனால் வருஷத்திலேயே கூட்டம் நெரிகிற வாரம் அது. குட்டியை வைத்துக்கொண்டு வேண்டாம்.

பார்ட்டிக்குத் தனி டிக்கெட். பகல் டிக்கெட் அதில் செல்லாது. ஒரு ஆளுக்கு 150 டாலருக்கு மேல் ஆகிறது, கிறிஸ்துமஸை நெருங்க நெருங்க விலையும் ஏறுகிறது. நவம்பரில், வார நாளாகப் பார்த்தால் கொஞ்சம் குறையும். மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. குட்டிக்கு அக்டோபரிலேயே மூன்று முடிந்துவிடுகிறது. இரண்டு மாதத்தில் இலவசம் கைநழுவிப் போகிறதே என்று நான் கணக்குப் போட்டதைப் பார்த்து உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மழை வந்தாலும் பார்ட்டி நடக்கும், வாங்கிய டிக்கெட்டுக்குப் பணமும் திரும்பாது. அதனால் ஜலதோஷம், காய்ச்சல் எல்லாவற்றையும் நவம்பரிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

பார்ட்டி நேரம் இரவு 7 முதல் 12 வரை என்று போட்டிருந்தாலும் மாலை 4 மணிக்கே உள்ளே விடுகிறார்கள். காரை விடுகிற இடத்துக்கும் பார்க்குக்கும் நடுவில் ஒரு ஏரி இருக்கிறது, நினைவிருக்கும். மோனோரயிலும் உண்டு, படகும் உண்டு. படகில் வா. 189 அடிக் கோட்டை முதலில் கட்டைவிரல் உயரத்தில் தெரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக வளரும். அந்த ஏரியே வெட்டிய ஏரிதான். தோண்டிய மண்ணைக் கொண்டுபோய்ப் பார்க்குக்கு மேடு போட்டார்கள். ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும் அல்லவா, அதனால் ஊழியர்கள் போய்வருகிற சுரங்கப்பாதைகளைத் தரை மட்டத்திலேயே கட்டி, அதற்கு மேல் பார்க்கைக் கட்டிவிட்டார்கள். 1971-இல் திறந்த இடம். நாம் நடக்கிற தெருவே உண்மையில் மாடி. நான் இதை ஆரம்பித்தாலே நீ காதைப் பொத்திக்கொள்வாய், சிவில் என்ஜினியர் வீட்டில் பிறந்த பாவம். குட்டிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

உள்ளே போனதும் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். ஆறு மணி ஆனதும் பட்டை இல்லாதவர்கள் கிளம்ப வேண்டியதுதான். அந்த நேரம், வாசலிலிருந்து கோட்டைக்குப் போகிற மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பகல் முழுக்க நடந்து களைத்த குடும்பங்கள் வாசலைப் பார்த்துப் போகின்றன. ஒரே மாதிரி சிவப்பு ஸ்வெட்டர் போட்ட குடும்பங்கள் எதிரே வந்துகொண்டிருக்கின்றன. நாலு வயதுப் பையன் ஒருவன் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று நின்றான். அவன் அப்பா விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனாலும் அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஏழு மணிக்கு மேல் க்யூ பரவாயில்லை. பகல் கூட்டம் போய்விடுவதால் பல ரைடுகளில் சீக்கிரம் ஏறிவிடலாம். நீண்ட வரிசையெல்லாம் வேஷக்காரர்களோடு போட்டோ எடுக்கிற இடங்களில்தான். ஸ்நோ ஒயிட் கதையில் வருகிற ஏழு குள்ளர்களும் சேர்ந்து நிற்பது இந்த மாதிரி இரவுகளில்தான் என்பதால், பார்ட்டி தொடங்குவதற்கு முன்பே அங்கே வரிசை கட்டிவிடுகிறார்கள். மூன்று வயதுக்கு அது வேண்டாம். கிட்டே போனதும் பயந்து அழுவாள், ஒரு மணி நேரம் நின்றது வீண். அங்கங்கே சூடான கோக்கோவும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். டிக்கெட்டோடு சேர்ந்ததுதான், எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நான் வாங்கி வாங்கிக் கோட்டுப் பையில் போட்டது, வீட்டுக்கு வந்து பார்த்தால் முழுக்கத் தூள். அம்மா கோட்டைத் தலைகீழாக உதறிவிட்டு, "இன்னும் மாறலை" என்றாள்.

இனி அந்த விஷயம்.

நேற்று போனை வைப்பதற்கு முன்னால் சொன்னாயே, "அந்தப் பனியை குட்டிக்குக் காட்டணும்ப்பா, எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, அந்தக் கசப்பு கூட நாக்குல இருக்கு" என்று. நான் "ம்" என்றேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

2003. உனக்கு ஆறு வயது. அந்த வருஷம்தான் முதல் தடவையாக டிக்கெட் வாங்கினோம். என் அப்போதைய சம்பளத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. வீட்டிலிருந்தே வரைபடம் எடுத்துவந்து, எதற்கு அடுத்து எது என்று பேனாவால் நம்பர் போட்டிருந்தேன். க்யூ குறைவாக இருக்கிற இரவு, விடக்கூடாது, முடிந்த அளவு ரைடு ஏறிவிட வேண்டும். என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. முதல் ஊர்வலம் வந்தபோது நாம் பீட்டர் பான் ரைடு வரிசையில் இருந்தோம். தூரத்தில் மேளச் சத்தம். நீ என் சட்டையை இழுத்து, "அப்பா, பாண்டு" என்றாய். "ரெண்டாவது தடவையும் வரும், அப்ப பார்க்கலாம், இப்ப க்யூ நகருது" என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் போகிற திசையிலேயே கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய்.

பதினோரு ரைடு ஏறினோம். காரில் திரும்பும்போது டிக்கெட் பணத்தைப் பதினொன்றால் வகுத்து, ஒரு ரைடுக்கு இவ்வளவுதான் ஆனது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை.

இரண்டாவது ஊர்வலத்துக்கு மெயின் ஸ்ட்ரீட்டுக்கு வந்தபோது நீ என் தோளில் தூங்கிவிட்டிருந்தாய். ஆறு வயதுப் பிள்ளை, நடுராத்திரி நெருங்குகிறது, வேறென்ன செய்வாய். அப்போதுதான் பனி விழ ஆரம்பித்தது. கூரைமேல் மெஷின் வைத்து ஊதுகிற சோப்பு நுரைதான், ஆனால் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை. அம்மா, "எழுப்புங்க, எழுப்புங்க" என்றாள். உலுக்கிப் பார்த்தேன். "ம்ம்" என்று முகத்தை என் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாய். உன் தலைமுடியில் வெள்ளை வெள்ளையாக விழுந்து நின்றது. ஒன்று என் உதட்டில் பட்டது. நக்கிப் பார்த்தேன். கசந்தது.

மறுநாள் காலை கண் விழித்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "அப்பா, ஸ்நோ வந்துச்சா?"

வந்தது, நீ தூங்கிவிட்டாய் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் அழுதிருப்பாய், அதோடு போயிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வந்துச்சே, நீ கையை நீட்டிப் பிடிச்சியே. வாயில வச்சுப் பார்த்துட்டு, கசக்குதுப்பான்னு சொன்னியே. மறந்துபோச்சா?" நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். அப்புறம், "ஆமா, கசந்துச்சு" என்றாய்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து அதற்குக் கீழே எழுதினாய். டீச்சர் நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதும் இதே கதையை அவரிடம் சொன்னாய். இப்போது குட்டியிடமும் சொல்கிறாய். ஒவ்வொரு தடவையும் அதில் ஏதாவது சேர்ந்துகொண்டே வருகிறது. போன வருஷம் நீ சொன்னபோது அதில் ஒரு சிவப்புக் கையுறை வந்தது. நீ அன்றைக்குக் கையுறையே போடவில்லை, அம்மு. இருபத்திரண்டு வருஷமாக உன் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள்.

ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டு. டாம்பாவில் 1977 ஜனவரியில் விழுந்த பனியை இங்கே பழைய ஆட்கள் இன்னமும் பேசுவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம்தான் வரும். விழாத பனியைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். இல்லை, தப்பாகச் சொல்கிறேன். பனி விழுந்தது. நீயும் அங்கேதான் இருந்தாய். தூங்கிக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான்.

போன வாரம் நாங்கள் இரண்டு ரைடு மட்டும்தான் ஏறினோம். முதல் ஊர்வலத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மெயின் ஸ்ட்ரீட் ஓரத்தில் நடைபாதை விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டோம். கீழே குளிர் ஏறியது, என் ஸ்வெட்டரை மடித்து அம்மாவுக்குப் போட்டுக்கொடுத்தேன். பொம்மைச் சிப்பாய்கள் முழங்காலை மடக்காமல் வருகிறார்கள். பாண்டு அவர்களுடையதுதான். காலைத் தூக்கி வைக்கிற ஒவ்வொரு தடவையும் தரை லேசாக அதிர்வது உட்கார்ந்திருக்கிற நமக்குத் தெரிகிறது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. இஞ்சி பிஸ்கட் மனிதர்கள், கலைமான்கள், கடைசியில் சான்டா. பனி அம்மாவின் சால்வையில் விழுந்தது. ஒரு துளியை அருகில் வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. உடைந்துகொண்டே வந்து, கடைசியில் கடுகளவு ஈரம் மட்டும் இருந்தது. அம்மா அந்த ஈரத்தை விரலால் தடவிவிட்டு, "அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் திட்டு. போனிலேயே திட்டலாம், அதற்குத் தமிழில் எழுத வேண்டியதில்லை.

அடுத்த வருஷத்துக்கு நான் நினைத்திருப்பது இதுதான். அன்றைக்கு மத்தியானம் குட்டியைக் கட்டாயம் தூங்க வைக்க வேண்டும், கூடவே நீயும் தூங்கு. பத்து மணி வாக்கில் வாணவேடிக்கை. சத்தம் ஜாஸ்தி, அவளுக்குக் காதுக்கு ஏதாவது வாங்கிவா. கோட்டைக்கு நேர் எதிரே போகாமல் தள்ளி நிற்போம். ஊர்வலத்தில் முதலாவதையே பார்த்துவிடலாம், ஏழரைக்கே நான் போய் இடம் பிடித்துவிடுகிறேன். அப்போது அவள் விழித்திருந்தால் நல்லது. மூன்று வயதை நம்ப முடியாது, தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம், என்னிடம் கொடுத்துவிடு. என் தோள் இன்னும் தாங்கும். நீ முன்வரிசைக்குப் போ. பனி விழும்போது திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்காதே, மேலே பார்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. குட்டிக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா

அம்மா சேர்க்கச் சொன்னது: அந்தச் சிவப்புக் கையுறை அடுத்த வருஷம் நிஜமாகவே வாங்கித் தருகிறாளாம். கை அளவை மட்டும் சொல்லு.