அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடு

தாராவி, மும்பை

அன்புள்ள ராசா,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். உன் அலுவலகத்துச் சீனப் பையன் தமிழில் திட்டப் பழகிவிட்டான், உச்சரிப்புகூடப் பிசகவில்லை என்று பெருமையாகச் சொல்லியிருந்தாய். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், பரிமாற வந்த அம்மாவின் முன்னால் அவன் அந்தச் சொல்லைச் சொல்லிக்காட்ட, அவர் ரசவாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். நீங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தீர்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது, அதைவிட வருத்தம் வந்தது. போனில் பேசினால் "சரிம்மா, விடும்மா" என்று பேச்சைத் திருப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முழுவதையும் படி.

பிற மொழிச் சொல்லே வாயில் வரக் கூடாது என்பவள் இல்லை நான். அப்படி இருந்தால் மும்பையில் பிழைக்க முடியுமா? 90 அடி சாலையில் கொஞ்ச நேரம் நின்று காதைக் கொடுத்தால் போதும். கவலையில்லாதவன் என்னும் 'பிந்தாஸ்' மராத்தி தந்தது. 'பிடூ'வும் மராத்திதான். விளையாட்டில் நம் பக்கம் ஆடுபவன் என்று பொருள். அதுவே இந்த ஊர் முழுக்க நண்பனைக் கூப்பிடும் சொல் ஆகிவிட்டது. தீர்ந்தது என்னும் 'கல்லாஸ்' அரபியில் பிறந்து உருதுவழியாக வந்தது. நம் ஆட்கள் இவற்றைத் திருநெல்வேலி இழுவையோடு பேசும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

சென்னைப் பேச்சும் அப்படித்தானே வளர்ந்தது. 'பேஜார்' பாரசீகம். 'பேமானி' உருதுவிலிருந்து வந்தது, நேர்மை கெட்டவன் என்று பொருள். 'கஸ்மாலம்' சமஸ்கிருதம். கீதையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில், சோர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனிடம் கிருஷ்ணன் கேட்கும் கேள்வியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அங்கே கிளம்பிய சொல் ரிக்‌ஷா ஸ்டாண்டு வரை வந்து சேர்ந்ததை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. உங்கள் கோலாலம்பூரில் சீனரும் மலாய்க்காரரும் 'டேய்' என்றும் 'மச்சா' என்றும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று நீ சொன்ன அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கூடி வேலை பார்த்து, கூடிச் சாப்பிடும் இடத்தில்தான் ஒருவர் சொல் மற்றவர் வாய்க்குப் போகும்.

வசவும் போகத்தான் செய்கிறது. ஆனால் ஓசை மட்டும் போகிறது, அதன் சூடு கூடப் போவதில்லை.

இதை நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்திய காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். தாயையும் தங்கையையும் இழுக்கும் அந்த இந்தி வசவுகளை, எது எழுவாய் எது பயனிலை என்று தெரியாத பொடியன்கூட மூச்சு விடுவதைப் போல விடுவான். கூப்பிட்டு, "இதையே தமிழில் சொல் பார்ப்போம்" என்பேன். தலை குனிந்துவிடும். சிலருக்குக் கண்ணில் நீர் கட்டிவிடும். இந்தியில் வாய்கூசாமல் சொன்னதைத் தமிழில் உதடு பிரித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் தமிழில் அது அவனுடைய சொந்த அம்மாவாகிவிடுகிறது. அடித்துத் திருத்தியதைவிட அந்தக் கேள்வியால் திருந்திய பிள்ளைகள்தான் அதிகம்.

2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதையே, மனம் பதறும்போது கூடும் தோலின் மின்கடத்தலை அளந்து காட்டியது. துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பின்னாளில் கற்றவர்களிடம் இரு மொழிச் சொற்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுவயதில் பெரியவர்கள் அதட்டும் சொற்கள் துருக்கியில் வந்தபோது உடம்பு பதறியது, ஆங்கிலத்தில் வந்தபோது அவ்வளவு பதறவில்லை. சின்ன வயதில் காதில் விழுந்து, பயந்து, வெட்கப்பட்டுப் பழகிய மொழியில்தான் சொல்லுக்குக் கனம் இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் இருந்தபோதும் இதுதான் நடந்தது. யூலும் பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதி 1886இல் வந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் வாயில் ஏறிய சொற்களின் தொகுப்பு அது. அதில், நான் மேலே எழுதக் கூசி விட்டுவிட்ட அதே வகை இந்தி வசவுகளுக்கும் ஓர் இடம் இருக்கிறது. இவற்றின் பொருள் தெரிந்தால், இவற்றைப் பேசும் ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் அந்தக் கொடூரத்துக்குப் பின்வாங்கிவிடுவார்கள் என்று தொகுத்தவர்களே அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். துரைமார் பொருள் தெரியாமல் திட்டினார்கள். திட்டு வாங்கிய வேலைக்காரனுக்குப் பொருள் தெரியும். உங்கள் சாப்பாட்டு மேசையிலும் அதுதானே நடந்தது?

நீ அவனுக்குச் சொல்லிக்கொடுத்த சொல் பதிவில் தெளிவாகக் கேட்டது. 'கைம்பெண்டாட்டி'தான் தேய்ந்து அப்படி ஆனது. கணவனை இழந்தவள் என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை. உன் ஆச்சி, தாத்தா இறந்த பிறகு விடியற்காலையில் இட்லி அவித்து, தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்று என்னைப் படிக்கவைத்தாள். அவளைத் திட்ட நினைத்தவர்கள் வேறு வசவு தேட வேண்டியிருக்கவில்லை. அவள் நிலையே அவர்களுக்கு வசவாக இருந்தது. அந்தக் கடையில் பரிமாறிய அம்மாவுக்கு என்ன கதையோ! ஒரு சொல்லைக் கேட்டதும் வாளியை வைத்துவிட்டு ஒருவர் உள்ளே போகிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

வாங்கும் பக்கத்தில் நின்றவர்கள் நாம், ராசா. 1960களின் கடைசியில் இந்த ஊரில் தென்னிந்தியர்களை விரட்டச் சொல்லி எழுந்த முழக்கங்கள் லுங்கியை வைத்தே கட்டப்பட்டவை. நான் சிறுமியாக இருந்தபோது தாத்தா வெள்ளை வேட்டி கட்டிப் போனாலும் 'லுங்கிவாலா'தான். 'அண்ணா' என்று எவ்வளவு மரியாதையான சொல்! அதை இங்கே சிலர் இழுக்கும் இழுப்பில் எப்படிக் குறுகிப்போகிறது என்று நீயே பஸ்ஸில் பார்த்திருக்கிறாய்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், மனம் கனத்தாலும். பறை அடித்தவர்களின் பெயரை ஆங்கிலம் 'pariah' என்று எடுத்துக்கொண்டு போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் உலகம் முழுக்கக் கொடுத்துவிட்டது. நம் தெருநாய்க்கே ஆங்கிலத்தில் அந்தப் பெயர்தான். செய்தித்தாள்கள் நாடுகளைக்கூட அப்படி எழுதுகின்றன. மலாயிலும் அது வசவாக நிற்கிறது. 2011இல் மலேசியாவில் பள்ளிப் பாடமாக வைத்த ஒரு நாவலில் அந்தச் சொல் வந்ததற்காக அங்குள்ள தமிழர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஆண்டு முடிவதற்குள் அரசு அந்த நூலைப் பாடத்திலிருந்து விலக்கியது. அந்தப் பெயரைச் சுமந்து, அதனாலேயே ஊரைவிட்டுத் தாராவியின் தோல் பட்டறைகளுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தேன். வடக்கே சாதிப் பெயர்கள் எத்தனையோ இப்படித் திட்டாகப் புழங்குகின்றன. நம் பையன்கள் இந்தி பேசும் நண்பர்களிடமிருந்து அவற்றை எடுத்து, ஏதோ 'முட்டாள்' என்பதைப் போலச் சொல்லித் திரிகிறார்கள். எதைச் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்பவனுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லி அவனுக்கு வலிக்காமல் செய்துவிட முடியுமா?

கோபத்தில் ஒரு வார்த்தை வரத்தான் செய்யும். அதை நான் தடுக்க மாட்டேன். எரிச்சலைத் தீர்க்கக் கத்து, சபி, உன் விதியைத் திட்டு. ஒருவர் பிறந்த சாதியையும், பெற்ற தாயையும், இழந்த கணவனையும் அதற்கு எடுக்காதே. மற்றவருக்கும் எடுத்துக்கொடுக்காதே.

அந்தச் சீனப் பையனைப் பற்றி நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. அவனிடம் பொருளைச் சொல். கான்டனீஸில் அதற்குச் சமமான ஒன்றை அவன் அம்மாவின் முன்னால் சொல்ல முடியுமா என்று கேள். பிறகு இருவரும் அந்தக் கடைக்குப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவனைத் தனியாக அனுப்பாதே, சொல்லிக்கொடுத்தவன் நீ. "தெரியாமல் சொல்லிவிட்டோம் அம்மா" என்று தமிழிலேயே கேட்கட்டும், அந்த வாக்கியத்தை அவனுக்குப் பழக்கிக் கூட்டிப்போ.

தமிழ் கற்கும் ஆசை அவனுக்கு இருந்தால் 'அடேங்கப்பா', 'ஐயையோ', 'சும்மா' எல்லாம் கற்றுக்கொடு. இந்த 'சும்மா' ஒன்றை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம். எனக்கும் பதிலுக்கு ஏதாவது அனுப்பு. போன முறை நீ சொன்ன 'அலாமாக்' இங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பால் பொங்கினாலும் அதையே சொல்கிறார்கள். அது போல இன்னும் சில மலாய்ச் சொற்களை, எந்த நேரத்தில் யாரிடம் சொல்லலாம் என்ற விவரத்தோடு, எழுதி அனுப்பு.

கடைக்குப் போய்வந்ததும் அந்த அம்மா என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா