மெடிக் தம்பிக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி

சிங்கப்பூரில் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) ரூட் மார்ச் என்ற நீண்ட நடைப் பயிற்சியின்போது ஹீட் ஸ்ட்ரோக் வந்து, அதாவது உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறி விழுந்த எங்கள் பையன் கண் விழித்துவிட்டான். சிறுநீர் நன்றாகப் போகிறது, கல்லீரல் எண்கள் இறங்கத் தொடங்கிவிட்டன. நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. எங்கள் குடும்பத்தில் தாதியர் இருப்பதால், எதற்காக நன்றி சொல்கிறோம் என்பதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடிகிறது.

ரூட் மார்ச்சை அந்த நொடியே நிறுத்திய அதிகாரி, அவனைத் தூக்கி ஓடிய பிளட்டூன் பிள்ளைகள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அவசரப் பிரிவு, ஐசியூ, முதல் இரவு எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, எல்லாருக்கும் கும்பிடு.

மீதி எல்லாம் அந்த மெடிக் தம்பிக்கு, ராணுவ முதலுதவிக்காரருக்கு. அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது.

அவரும் இரண்டு வருட தேசிய சேவைக்கு வந்தவர்தான், சம்பளத்துக்குச் சேர்ந்த ராணுவக்காரர் இல்லை. நீ சூன் முகாமில் உள்ள ராணுவ மருத்துவப் பயிற்சிக் கழகத்தில் கற்றுக்கொண்டு யூனிட்டுக்கு வந்தால், அங்கே பெரும்பாலும் கால் கொப்புளம், சளி, நடுவில் சில ‘கெங்’ ஆசாமிகள், அதாவது பயிற்சியிலிருந்து தப்ப நோய் என்று நடிப்பவர்கள். உயிர் போகிற கேஸ் மாதக்கணக்கில் வராது. அப்படியிருந்தால் கற்ற கை மழுங்கிவிடும். இவர் கை மழுங்கவில்லை என்பது மருத்துவமனைக்கு வந்த பையனைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் ஐஸ். காலையில் நிரப்பிய ஐஸ் பெட்டியைத் திறந்து திறந்து மூடினால் பாதி வழியிலேயே வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். அவர் ஓய்விடத்தில் ஐஸை மாற்றி, விரிப்புகளை முன்கூட்டியே நனைத்து வைத்திருக்கிறார். வியர்த்த உடம்பில் காது தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும் என்று தெரிந்து, ஆசனவாய் வழியாகச் சூடு பார்த்திருக்கிறார். பேச்சு குழறினால் சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம் என்று விரலில் குத்திப் பார்த்திருக்கிறார். டிரிப் ஏற்றுவதற்கு முன்பே குளிர்விக்கத் தொடங்கியிருக்கிறார். இளம் மெடிக்குகளுக்கு ஊசி ஏற்றுவதில் ஒரு பெருமை உண்டு. ஹீட் ஸ்ட்ரோக்கில் அந்தப் பெருமைக்காக நரம்பு தேடும் ஒவ்வொரு நிமிடமும் மூளையும் கல்லீரலும் வெந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் கடமை என்று அவர் சொல்வார். சரி. ஆனால் யாரும் கேட்காமல் அவர் செய்த இன்னொன்று இருக்கிறது: பையனின் இடது முன்கையில் வெள்ளைத் துணி டேப், அதில் மார்க்கரால் நான்கு வரி. தமிழில் தருகிறோம்; சூடு செல்சியஸில், சர்க்கரை 5.8 என்றால் சாதாரண அளவு.

7:42 – 41.3
7:46 – ஐஸ் விரிப்பு
7:50 – சர்க்கரை 5.8
8:15 – 38.8, நிறுத்தியாச்சு

ஈரத் தோலில் டேப் ஒட்டாது. அதனால் கையைச் சுற்றி, டேப்பின் மேலேயே டேப் ஒட்டும்படி விட்டிருக்கிறார். கை வீங்கினால் இறுக்காதபடி தளர்வாக, டிரிப் ஊசியை மறைக்காமல். விரிப்பில் எழுதியிருந்தால் மாற்றும்போது போயிருக்கும். தாளாக இருந்தால் நனைந்திருக்கும்.

அந்த நான்கு வரி என்ன செய்தது தெரியுமா? அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது அவன் உடம்புச் சூடு கிட்டத்தட்ட சாதாரணம். அதை மட்டும் பார்த்தால் வெறும் மயக்கம் என்று நினைக்க இடமிருந்தது. 41.3 என்று கையில் எழுதியிருந்ததால் டாக்டர்கள் உடனே தசைச் சிதைவு, சிறுநீரகம், ரத்தம் உறைதல், கல்லீரல் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் எண்கள் முதல் நாள் பெரிதாக ஏறாமல் இருந்துவிட்டு இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சிக்குப் போகும். அது தெரிந்து காத்திருந்ததால்தான் தயாராக இருந்தார்கள். கடைசி வரியும் சாமானியமில்லை. 39க்குக் கீழே வந்ததும் நிறுத்தவேண்டும். அதற்குப் பிறகும் சூடு தானாக இறங்கும், விட்டால் நடுக்கம் வந்து உடம்பு மறுபடி சூட்டை உண்டாக்கும்.

அவருடைய வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டரின் அழுத்தமும் டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) பேடின் காலாவதித் தேதியும் அன்று காலையே குறித்து வைக்கப்பட்டிருந்தன என்று பையனுடைய நண்பர்கள் சொன்னார்கள். எங்களுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. டேப் சுற்றிய கை அப்படித்தான் இருக்கும்.

எங்கள் சின்னவன் அடுத்து தேசிய சேவைக்குப் போகிறான். அவனிடம் வாக்கு வாங்கிவிட்டோம். பயிற்சிக்கு முதல் நாள் இரவு போனை வைத்துவிட்டுத் தூங்குவான். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மறைக்கமாட்டான். சளி மாத்திரை போட்டிருந்தால் அதையும் மெடிக்கிடம் சொல்வான், ஏனென்றால் சில சளி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும், சில தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், இரண்டும் வெயிலில் ஆபத்து. ‘கெங்’ என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.