பேராதனைக்குப் போய்த் திரும்பிய பின்

அன்பு மகளுக்கு,

நாங்கள் பத்திரமாகத் தலவாக்கலை வந்து சேர்ந்தோம். ரயிலில் அம்மா அதிகம் பேசவில்லை. பல்கலைக்கழக ஆய்வரங்கில் தேயிலைக் கொப்புள நோய் பற்றிய உன் சுவரொட்டியைப் பார்த்ததிலிருந்து அதையே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது, லயத்து வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நீ ஆங்கிலத்தில் விளக்கியபோது பேராசிரியர்கள் நின்று கேட்டதைக் கண்டு பெருமைப்பட்டேன். தோட்டப் பாடசாலையில் முப்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கே அதில் பாதிதான் விளங்கியது என்பதையும் மறைக்கவில்லை. அம்மாவோ எழுத்தை விட்டுவிட்டு இலையின் படத்தைத்தான் பார்த்திருக்கிறாள். "அது கொப்புளம் விழுந்த கொழுந்து. முதலில் எண்ணெய் சொட்டினது மாதிரி தெரியும், பிறகு அடியில் வெள்ளையாகப் பொங்கும். வெயில் படாத பக்கம்தான் முதலில் வரும். ஒரு வாரத்தில் கொழுந்தெடுக்க வேண்டிய மலையை இரண்டு வாரம் போட்டுவைத்தால் இன்னும் கூடும்" என்றாள். இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருந்தால் பூஞ்சை வித்து முளைக்கும் என்று நீ கோடு வரைந்து காட்டியதும் இதைத்தானே?

கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது 1946இல். அதற்கு வெகு முன்பே, 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அதை ஆராய 1880இல் மார்ஷல் வார்டு என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். நீ தினமும் கடந்து போகும் பேராதனைப் பூங்காவில்தான் அவர் வேலை செய்தார். காற்றில் பறக்கும் வித்துகளால் நோய் பரவுகிறது என்பதையும், மலை மலையாக ஒரே பயிரை நட்டதே அதற்கு வழிவிட்டது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆனால் 1882இல் அவர் திரும்பிப் போன பிறகும் காப்பி பிழைக்கவில்லை. காப்பிப் பருவத்துக்கு வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்த நம் முன்னோர், ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலை வந்த பிறகுதான் லயங்களில் நிலைத்தார்கள்.

காப்பி இலையில் அந்த மஞ்சள் புள்ளியை முதலில் பார்த்தவர்கள் செடியோடு நின்ற நம் ஆட்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று நான் எங்கும் வாசித்ததில்லை (வாசித்ததும் கொஞ்சம்தான்). அதனால்தான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஆய்வேட்டை நீ எந்த மொழியில் எழுதினாலும், கொழுந்தெடுப்பவர்கள் சொல்லும் சொற்களையும் அவர்கள் கண்டறிந்தவற்றையும் அவர்களுடையவை என்றே அதில் பதிவுசெய். நன்றியுரையில் அம்மாவின் பெயரைச் சேர்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு என்பது உனக்குத் தெரியும்.

அடுத்த முறை வரும்போது அந்தச் சுவரொட்டியைச் சிறியதாக அச்செடுத்து, படங்களுக்குக் கீழே தமிழில் எழுதிக்கொண்டு வா. பக்கத்துக் காம்பராவில் உள்ளவர்களுக்கும் அம்மா காட்ட வேண்டுமாம்; அவர்களிடம் ஏற்கனவே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா